சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்டுவது எப்படி: முதல் கல்லிலிருந்து முகம் வரை

தோல்வாரில் எத்தனை முறை தேய்த்தாலும் கத்தி மயிரை அறுக்காமல் பிடித்து இழுக்கிறதா? அப்படியென்றால் கத்தி கல்லைக் கேட்கிறது. தோல்வார் விளிம்பை நேராக்கி மெருகேற்றும். ஆனால் தேய்ந்து உருண்டுபோன விளிம்பைப் புதிதாக உருவாக்க அதனால் முடியாது. அதைக் கல்தான் செய்ய வேண்டும். புதிதாக வாங்கிய கத்திகளும் பல நேரம் முகத்தில் வைக்கும் அளவுக்குக் கூராக வருவதில்லை.

சவரக்கத்தி தீட்டக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் கடைசிக் கல்லைப் பற்றியே யோசிக்கிறார்கள். எது மிக நயமான கல், எது முகத்துக்கு மென்மையாக இருக்கும் என்று தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். 12000 கிரிட் கல்லில் (இந்த எண் கூடக் கூடக் கல் நயமாகும்) மணிக்கணக்காக உழைத்தும் கத்தி இழுத்துக்கொண்டே இருந்தது. காரணம், 1000 கல்லில் வேலை பாதியிலேயே நின்றிருந்தது. கூர் பிறப்பது முதல் கல்லில். மற்ற கற்கள் அந்தக் கூரை மழமழப்பாக்குகின்றன. அதனால் இந்த வழிகாட்டியிலும் முதல் கல்லுக்குத்தான் அதிக இடம்.

கத்தியின் முதுகுதான் அளவுகோல்

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது சாய்வைக் கையால் கணித்துப் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்தச் சிரமம் இல்லை. கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தாமே முடிவு செய்துவிடும். 19 மில்லிமீட்டர் அகலமும் 5.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியில் இரண்டு பக்கமும் சேர்ந்த கோணம் ஏறத்தாழ 16.5 டிகிரி. பெரும்பாலான சவரக்கத்திகள் இதை ஒட்டியே இருக்கும்.

இதிலிருந்து ஒரே ஒரு கட்டளை பிறக்கிறது: கல்லின் மேல் இருக்கும்வரை முதுகைத் தூக்காதீர்கள். ஒரே ஒருமுறை முதுகு எழும்பினாலும் விளிம்பு கல்லில் குத்தி மழுங்கிவிடும். அதுவரை செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

விளிம்பின் இரண்டு பக்கமும் கல் தேய்த்து உண்டாக்கும் குறுகிய பட்டை போன்ற சரிவைப் பெவல் என்பார்கள். இரண்டு பெவல்களும் ஒரே கோட்டில், கைப்பிடிப் பக்கத்து அடியிலிருந்து நுனிவரை இடைவெளி இல்லாமல் சந்திக்க வேண்டும். கூர் என்பது இந்தச் சந்திப்புதான்.

என்னென்ன வேண்டும்

1000 கிரிட் கல் ஒன்று, 3000 முதல் 5000 வரையிலான நடுத்தரக் கல் ஒன்று, 8000 கல் ஒன்று. இவை மூன்றும் கட்டாயம். 12000 கல் இருந்தால் சவரம் இன்னும் இதமாக இருக்கும், ஆனால் அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். 4000-உம் 8000-உம் இருபக்கமாக ஒட்டிய நார்ட்டன் கல்லை வைத்து ஏராளமானோர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1000-க்கு கிங், முடிப்பதற்கு நானிவா 12000 என்று சேர்த்துக்கொள்வதும் பழக்கத்தில் உள்ளது. கற்களுக்குச் செலவழிக்க மனமில்லையென்றால் தட்டையான தடித்த கண்ணாடியின் மேல் லேப்பிங் ஃபிலிம் என்ற மெல்லிய உராய்வுத் தாளை ஒட்டியும் தீட்டலாம். 1 மைக்ரான் தாள் கடைசிக் கட்டத்துக்கு நன்றாகவே உழைக்கும்.

இயற்கைக் கற்களில் பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் கோட்டிகுல் பெயர் பெற்றது. அதில் நுண்ணிய கார்னெட் படிகங்கள் நிறைந்திருக்கும். அவற்றின் பல முக உருவம் எஃகை ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாகவே அறுப்பதால், அதில் முடித்த கத்தி முகத்தில் மென்மையாகப் போகும். ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் உடையது. முதல் கத்தியையும் முதல் கல்லையும் ஒரே சமயத்தில் புரிந்துகொள்ள முயன்றால், தவறு எதில் என்று கண்டுபிடிக்கவே முடியாது. எண் போட்ட செயற்கைக் கல்லில் ஆரம்பியுங்கள்.

இவற்றோடு தோல்வார், நல்ல விளக்கு, 10 மடங்காவது பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி, அழியாத மை மார்க்கர், மின்வேலைக்குப் பயன்படும் இன்சுலேஷன் டேப். பூதக்கண்ணாடியைத் தவிர்த்துவிடாதீர்கள். கல்லில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் நம்பித் தீட்டுபவர்கள் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

கத்தியைப் படித்தல்

பழகுவதற்கு விலை உயர்ந்த கத்தி வேண்டாம், கோணலான மலிவுக் கத்தியும் வேண்டாம். நேரான விளிம்புள்ள, ஓரளவு நல்ல எஃகில் செய்த பழைய கத்தி போதும். பிறர் பயன்படுத்திய கத்தியாக இருந்தால் சோப்பு நீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே மற்ற வேலை.

விளக்கின் கீழ் விளிம்பை உங்களை நோக்கி நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். விளிம்பு பொடிந்து உண்டான பள்ளம், அதாவது பல், ஒரு புள்ளியாக மின்னும். விளிம்புவரை துரு ஏறியிருந்தால் அங்கே எஃகு அரித்துப்போயிருக்கும். நல்ல எஃகு வரும்வரை தேய்த்தாக வேண்டும். விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஓடும் விரிசல் இருந்தால் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள். விரிசலைக் கல்லால் சரிசெய்ய முடியாது.

அப்புறம் கத்தியைத் தட்டையான கல்லில் படுக்க வைத்து மூலைகளை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் கத்தி சற்று முறுக்கியிருக்கிறது என்று பொருள். விளிம்பு வில்போல வெளியே வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் தீட்டும் முறை மாறும்.

முதுகில் டேப் ஒட்டுவதா வேண்டாமா என்பதில் ஒரே கருத்து கிடையாது. கல்லில் விளிம்போடு முதுகும் தேய்வதால், இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்து கோணம் மாறாமல் இருக்கும் என்பது ஒட்டாதவர்களின் வாதம். அது சரிதான். ஆனால் கற்கும் காலத்தில் தேவைக்கு மேல் பலமுறை தேய்ப்போம், அழுத்தவும் செய்வோம். அதனால் முதுகு அகலமாகத் தேய்ந்துபோகும். எனவே ஆரம்பத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டுவதையே நான் சொல்வேன். அது கோணத்தை ஒரு டிகிரி அளவுக்குத்தான் கூட்டும். ஒட்டினால் கடைசிக் கல் வரை டேப்போடு இருக்க வேண்டும். நடுவில் எடுத்தால் கோணம் குறைந்து, அடுத்த கல் விளிம்பைத் தொடாமலே போகும். டேப் கிழிந்தால் உடனே புதியது ஒட்டுங்கள்.

கல்லைச் சமன் செய்தல்

கல்லின் நடுப்பகுதி சீக்கிரம் குழியும். குழிந்த கல்லில் சவரக்கத்தி தீட்டவே முடியாது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, 400 கிரிட் வைரத் தகட்டிலோ கண்ணாடியின் மேல் விரித்த நீர் உப்புத்தாளிலோ தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடு முழுவதும் மறைந்தால் கல் சமம். நடுவில் கோடு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. ஓரங்களைச் சற்று உருட்டிவிட்டால் கத்தியைச் சுரண்டாது. புதுக் கல்லையும் நம்ப வேண்டாம், அதையும் ஒருமுறை சமன் செய்யுங்கள்.

சில கற்களை நீரில் ஊற வைக்க வேண்டும், சிலவற்றுக்கு மேலே தெளித்தால் போதும். ஊறக் கூடாத கல்லை ஊற வைத்தால் மென்மையாகி வெடிக்கும். செய்தவர் சொன்னபடி நடப்பது நல்லது.

கையும் இழுப்பும்

கத்தியை விரித்து, கைப்பிடியை ஒதுக்கி, விளிம்புக்குப் பின்னால் உள்ள காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். மணிக்கட்டைத் திருப்பாமல், விரல்களுக்குள் காம்பை உருட்டினாலே கத்தி புரள வேண்டும். கல் இல்லாமல், மேசையில் விரித்த துணியின் மேல் ஒரு பென்சிலை வைத்து இந்த உருட்டலைப் பழகலாம்.

கல்லில் விளிம்பு முன்னே செல்லும். கல்லிலிருந்து மெல்லிய ஒரு ஏட்டைச் சீவி எடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். கல்லின் முனைக்கு வந்ததும் விளிம்பை மேலே திருப்பி, முதுகின் மேலேயே புரட்டி, எதிர்த் திசையில் திரும்புங்கள். முதுகு கல்லை விட்டு எழும்பக் கூடாது. போவதும் வருவதுமாக இரண்டு இழுப்பு சேர்ந்தால் ஒரு சுற்று.

கத்தி கல்லின் அகலத்தைவிட நீளமானது என்பதால் குறுக்கு இழுப்பு தேவை. அடிப்பகுதி கல்லில் இருக்கும்படி ஆரம்பித்து, முன்னே தள்ளும்போதே பக்கவாட்டிலும் நகர்த்தி, நுனி கல்லில் இருக்கும்படி முடியுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு இழுப்பும் சேர்ந்து பெருக்கல் குறிபோல் இருக்கும். காம்புக்கு அருகில் உள்ள தடித்த தோள்பட்டை கல்லின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஏறினால் விளிம்பின் அடிப்பகுதி அந்தரத்தில் நிற்கும். அடிப்பகுதி மட்டும் கூரே வரவில்லை என்று வருந்துபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1000 கல்: பெவல் பிறக்கும் இடம்

முதலில் விளிம்பின் இரண்டு பக்கமும் மார்க்கரால் மை பூசுங்கள். நான்கைந்து சுற்று தீட்டிவிட்டுப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மை அழிந்த இடத்தில் கல் தொடுகிறது, மை இருக்கும் இடத்தில் தொடவில்லை. பெவலின் மேல்பகுதியில் மட்டும் மை அழிந்து, ஓரத்தில் மெல்லிய கோடாக மை நின்றால், கல் இன்னும் விளிம்பின் உச்சியை எட்டவில்லை. பழைய கத்தியில் இதைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

இப்போது ஒரு பக்கமாக 20 முறை முன்னும் பின்னும் தேய்த்து, அடுத்த பக்கமும் 20 முறை தேயுங்கள். சிறு சிறு வட்டங்களாகச் சுழற்றியும் தேய்க்கலாம். இந்தக் கல்லில் லேசான அழுத்தம் கொடுக்கலாம். ஆனால் அழுத்தம் முதுகின் பக்கம்தான் இருக்க வேண்டும். குழிவாகச் செதுக்கிய மெல்லிய கத்தியின் நடுவே விரலால் அழுத்தினால் எஃகு வளைந்துகொடுத்து, விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். ஆப்புபோலத் தடித்த பழைய கத்திகள் வளையாது. அவற்றில் அழுத்தம் தைரியமாகக் கொடுக்கலாம், ஆனால் தேய்க்க வேண்டிய எஃகு அதிகம் என்பதால் நேரம் பிடிக்கும்.

எத்தனை சுற்று? எண் சொல்ல முடியாது. ஒரு கத்திக்கு 40 போதும், இன்னொன்றுக்கு 400-உம் போதாது. எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சோதனைகளை நம்புங்கள்.

ஒளிச் சோதனை முதலில். விளக்கின் கீழ் விளிம்பில் எங்கும் மின்னல் இருக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு மின்னினாலும் அந்த இடத்தில் பெவல்கள் சந்திக்கவில்லை. அடுத்தது நகச் சோதனை. கட்டைவிரல் நகத்தை நனைத்து, விளிம்பை எடையே இல்லாமல் அதன் மேல் வைத்து அடியிலிருந்து நுனிவரை நகர்த்துங்கள். கூராக இருந்தால் நகத்தைச் சீராகக் கவ்வும், மொண்ணையாக இருந்தால் வழுக்கும். பல் பொடிந்திருந்தால் அந்த இடத்தில் தடுக்கும். இந்தச் சோதனையை இந்தக் கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்த கற்களுக்குப் பின் செய்தால் நயமான விளிம்பு கெடும். கடைசியாக முன்கை மயிர். 1000 கல்லிலிருந்து வந்த கத்தி, தோலோடு ஒட்டி வைத்தால், முழு நீளத்திலும் மயிரை மழிக்க வேண்டும். அடியில் மழித்து நுனியில் மழிக்காமல் போனால் நுனிக்குத் திரும்பப் போங்கள்.

மூன்றிலும் தேறும்வரை அடுத்த கல்லைத் தொடாதீர்கள். கொஞ்சம் குறைதானே, 4000 கல் பார்த்துக்கொள்ளும் என்று மனம் சொல்லும். 1000 கல் சில நிமிடத்தில் தேய்த்து எடுக்கும் எஃகை 4000 கல்லால் ஒரு மணிநேரத்திலும் எடுக்க முடியாது. இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் என் கத்திகள் முகத்தில் நடக்க ஆரம்பித்தன.

பெவல் கூடியதும், பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல் 20 குறுக்குச் சுற்றுகள் போடுங்கள். அழுத்தித் தேய்த்ததில் விளிம்பில் எழுந்த பிசிர் இதில் போய்விடும்.

ஆழமான பல் இருந்தால் மட்டும் வேறு வழி. கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பாலேயே கல்லை அறுப்பதுபோல மெல்ல இழுத்துப் பல் மறையும்வரை எஃகைக் குறைக்க வேண்டும். பார்க்கவே மனம் பதறும். ஆனால் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் போட்டு முதுகைத் தேய்ப்பதைவிட இது கத்திக்கு நல்லது. அதன் பிறகு பெவலை முதலிலிருந்து உருவாக்க வேண்டும்.

நடுக்கல்

4000 அல்லது 5000 கல்லின் வேலை 1000 கல் விட்ட கீறல்களை அழிப்பது. குறுக்கு இழுப்பில் 30 முதல் 50 சுற்று. முதல் பாதியில் கைவிரலின் எடையளவு அழுத்தம், இரண்டாம் பாதியில் கத்தியின் எடை மட்டும். பூதக்கண்ணாடியில் பெவல் ஒரே சீரான மங்கலாகத் தெரிய வேண்டும். விளிம்புவரை ஓடும் பழைய ஆழமான கீறல் இருந்தால் தொடருங்கள். கல் மாறும்போது கத்தியையும் கையையும் கழுவுங்கள். கரடுமுரடான ஒரு துகள் நயமான கல்லுக்குப் போனாலும் விளிம்பில் புதிய கீறல் விழும்.

8000, அதற்கு மேல்

இங்கே கை மாற வேண்டும். 1000 கல்லில் உழைத்த கை இங்கே வெறுமனே கத்தியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கல்லின் மேல் போதுமான தண்ணீர் விட்டு, கத்தியின் எடையோடு மட்டும் குறுக்கு இழுப்பு 40 சுற்று. விளிம்புக்கு முன்னால் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். முழு நீளத்துக்கும் சிறு அலையாக எழும்பி விளிம்பின் மேல் ஏறினால் விளிம்பு கல்லோடு ஒட்டிப் போகிறது. எங்காவது அலை எழும்பாமல் தண்ணீர் கத்திக்கு அடியில் நழுவினால் அங்கே விளிம்பு கல்லைத் தொடவில்லை. சற்று நேரத்தில் கத்தி கல்லைப் பற்றிக்கொள்வதுபோன்ற ஓர் இழுவை விரலில் தெரியும். இரண்டு வழவழப்பான பரப்புகள் ஒட்டும்போது வரும் உணர்வு அது. எனக்கு இந்தக் கட்டம் எப்போதும் பிடிக்கும், அறையில் வேறு சத்தம் இல்லாதபோது கல்லின் ஓசை மெல்லியதாகிக்கொண்டே போவது காதில் கேட்கும்.

8000-இல் முடித்த கத்தியால் நல்ல சவரம் செய்யலாம். 12000 அல்லது நயமான இயற்கைக் கல் இருந்தால் இன்னும் 30 முதல் 50 சுற்று. கடைசிப் பத்து சுற்றுகளில் கத்தியின் எடையைக்கூட விரல்கள் கொஞ்சம் தாங்கிக்கொள்ளட்டும். அதிகம் தீட்டினால் அதிகக் கூர் வரும் என்று நினைத்து நூற்றுக்கணக்கில் போட வேண்டாம். விளிம்பு நூலாக மெலிந்து பிசிரடித்து, முதல் சவரத்திலேயே உடையும்.

தோல்வார்

கல்லுக்கும் வாருக்கும் திசை நேர் எதிர். வாரில் முதுகு முன்னே போகும், விளிம்பு பின்னே வரும். பழக்க தோஷத்தில் விளிம்பை முன்னே தள்ளினால் தோல் வெட்டுப்படும். திரும்பும் இடத்திலும் முதுகு தோலை விட்டு எழும்பக் கூடாது. பழகும்வரை மெதுவாகவே செய்யுங்கள், வேகத்தால் கூர் வராது. வாரை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்த வாரும் அழுத்தும் கையும் விளிம்பை உருட்டிவிடும்.

கல்லிலிருந்து வந்ததும் துணிப் பட்டையில் 30 சுற்று, தோலில் 60 சுற்று. அன்றாடச் சவரத்துக்கு முன் இதில் பாதி போதும்.

முகம் சொல்லும் தீர்ப்பு

தலைமயிர் ஒன்றை வேர்ப்பக்கம் பிடித்துத் தொங்கவிட்டு விளிம்பின் மேல் மெல்ல இறக்கினால் அறுபட வேண்டும் என்பது பழைய சோதனை. அவரவர் மயிரின் தடிமனைப் பொறுத்து முடிவு மாறும் என்பதால், எப்போதும் ஒரே ஆளின் மயிரை வைத்து ஒப்பிடுங்கள். இறுதித் தீர்ப்பு முகத்தில்தான். தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில், மயிர் வளரும் திசையிலேயே கன்னத்தில் ஆரம்பியுங்கள்.

எல்லா இடத்திலும் இழுத்தால் பெவல் கூடவில்லை. தயங்காமல் 1000 கல்லுக்குத் திரும்புங்கள். நன்றாக அறுத்தும் தோலில் எரிச்சல் தந்தால் விளிம்பில் பிசிர் நிற்கிறது. கல்லின் ஓரத்தில் விளிம்பைச் செங்குத்தாக ஒரே ஒருமுறை, எடையே இல்லாமல் இழுத்துவிட்டு, கடைசிக் கல்லில் மிக லேசாக 15, 20 சுற்று போட்டுப் பாருங்கள். நுனி மட்டும் அறுக்காவிட்டால் குறுக்கு இழுப்பின் முடிவில் கை முன்கூட்டியே தூக்குகிறது. வில்போல் வளைந்த விளிம்பாக இருந்தால், இழுப்பு நுனியை நெருங்கும்போது காம்பைச் சற்றே உயர்த்தி, எடை விளிம்பின் வளைவோடு நகரும்படி உருட்டிக்கொண்டு போக வேண்டும். முறுக்கிய கத்திக்கு அகலக் கல்லைவிடக் குறுகிய கல் வசதி.

கூரைக் காப்பது

சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, உலர்ந்த வாரில் நாலைந்து முறை ஓட்டிவிட்டு, சில நிமிடம் விரித்தே வையுங்கள். விளிம்பில் எஃகு அவ்வளவு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத துருகூடக் கூரைத் தின்றுவிடும். ஈரம் நிற்கும் குளியலறையில் கத்தியை வைக்கக் கூடாது. பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் சில வாரங்களோ சில மாதங்களோ கழித்துத்தான் கத்தி மறுபடி இழுக்கத் தொடங்கும். அப்போது 1000 கல் தேவையில்லை. கடைசிக் கல்லில் 15 முதல் 20 சுற்று போட்டு வாரில் ஓட்டினால் கூர் திரும்பிவிடும். அல்லது குரோமியம் ஆக்சைடு பூசிய தனிப் பட்டையில் பத்துச் சுற்று. அந்தப் பச்சைப் பொடி அன்றாட வாரில் படக் கூடாது. மூன்று நான்கு முறை இப்படி மீட்ட பிறகும் கூர் இரண்டு சவரத்துக்கு மேல் தங்கவில்லையென்றால் 8000 கல்லுக்குப் போங்கள். அங்கும் தேறாவிட்டால் மார்க்கரை எடுத்து விளிம்பில் மை பூசி, கல் எங்கே தொடவில்லை என்று பாருங்கள்.